ஜெர்மன் தோட்டக் குள்ளர், ரோஜா உருண்டை, லாடம்: பனிக்கு முன் கவனிக்க வேண்டியவை

தோட்டத்தில் வைக்கும் சிவப்புக் குல்லாய்க் குள்ளர் பொம்மையை ஜெர்மனியில் ‘கார்ட்டன்ட்ஸ்வெர்க்’ என்பார்கள். நாட்டார் நம்பிக்கையில் இவர் சுரங்கத்துக் குள்ளர், மண்ணுக்கடியில் கிடக்கும் தாதுவுக்குக் காவல்காரர். கூரான குல்லாய், தோல் ஏப்ரன், லாந்தர், பிக்காசு எல்லாமே பழைய சுரங்கத் தொழிலாளியின் உடுப்பும் கருவியும்தான். மண்ணைக் காப்பவர் தோட்டத்தில் நின்றால் விளைச்சலுக்கும் வீட்டுக்கும் நல்லது என்று வைத்தார்கள். துரிங்கியா மாநிலத்தின் கிரேஃபன்ரோடா ஊர் இந்தப் பொம்மை செய்யும் தொழிலுக்குப் பேர்போனது. ஆனால் அங்குதான் முதன்முதலில் பிறந்தது என்று அடித்துச் சொல்லக்கூடாது. அந்த ஊர்ப் பட்டறைகள் பெயர் எடுப்பதற்கு முன்பே, 1847-இல், சர் சார்லஸ் ஐஷம் ஜெர்மனியிலிருந்து 21 சுடுமண் குள்ளர்களை இங்கிலாந்திலுள்ள தன் லாம்போர்ட் மாளிகைக்குக் கொண்டுபோய்விட்டார். அவற்றில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று.

சுடுமண் குள்ளர் உடைவதற்குக் காரணம் குளிர் மட்டும் இல்லை. ஈரமும் குளிரும் சேர்வதுதான். சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. அதில் ஏறிய தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். பகலில் இளகி இரவில் உறைவது திரும்பத் திரும்ப நடந்தால், முதலில் பாதத்து விளிம்பு பெயரும். அடுத்து மூக்கு நுனி, அதன்பின் குல்லாய் மடிப்பு. எலும்பைக் கடிக்கும் குளிரில் காய்ந்து நிற்கும் பொம்மை தப்பிவிடும். லேசான குளிரில் நனைந்து நிற்பது போய்விடும்.

அதனால் நேராக மண்ணில் ஊன்றாதீர்கள். இரண்டு செங்கல், இல்லையென்றால் 5 செ.மீ. சரளைப் படுக்கை போதும். அடிப்பாகத்தில் ஒரு துளை இருக்கும். சூளையில் சுடும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதற்காக விட்டது அது. அதைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் உள்ளே தேங்கும் ஈரத்துக்குப் போக வழியில்லாமல் போகும். அக்டோபர் கடைசிக்குள் எடுத்து, பனி படாத கொட்டகையில் கவிழ்த்து வையுங்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றவே கூடாது.

பழையது வாங்குகிறீர்களா? பானை வாங்கும்போது பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. ‘டொக்’ என்று அடங்கினால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ ஓடுகிறது.

—

பெயின்ட் அடிப்பது பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். நிறைய பேர் கெடுப்பது இந்த இடத்தில்தான். ‘தண்ணீர் ஏறக்கூடாது’ என்று தடிமனாக வார்னிஷ் பூசுகிறார்கள். ஈரம் பாதத்தின் வழியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். வெளியேற முடியாமல் பூச்சைக் கொப்பளமாகத் தள்ளும். மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டு கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். மடிப்பில் இருக்கும் பாசிக்கு மூங்கில் குச்சி. பிறகு இரண்டு மூன்று வாரம் நிழலில் காயட்டும். உப்புப் பூத்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். வெளிப்புற அக்ரிலிக்கில் மெல்லிசாக இரண்டு கோட், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. முதலில் முகம், அடுத்து தாடி, உடை. கண் கடைசியில். அடிப்பாகத்துக்குப் பெயின்ட் கிடையாது.

ரொம்பப் பழைய பொம்மையின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதற்கு மறுபடி பெயின்ட் அடிக்காமல் விடுவதே மரியாதை.

—

ரோஜாச் செடிகளுக்கு நடுவே கம்பில் நிற்கும் கண்ணாடி உருண்டையையும் சொல்ல வேண்டும்: ‘ரோசன்கூகல்’. கெட்ட ஆவி அதில் தன் முகத்தைப் பார்த்துத் திரும்பி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. 1597 முதல் கண்ணாடி ஊதும் தொழில் நடக்கிற லௌஷா ஊரும் துரிங்கியாவில்தான் இருக்கிறது.

உருண்டையின் கழுத்து கீழே பார்த்து இருக்க வேண்டும். கம்பு, கழுத்தின் உள் அளவைவிட ஒரு செ.மீ. மெலிதாக இருக்கட்டும். கம்பின் தலையில் ஒரு கார்க்கோ துணி முடிச்சோ வைத்து, அதன்மேல் உருண்டையின் உள்மேல்புறம் உட்காரவேண்டும். பாரம் கழுத்தில் இறங்கினால் காற்றாட்டத்தில் அங்கேதான் கீறும். ஆடாமல் நிற்கட்டும் என்று சிலிகான் வைத்து அடைத்தால் உள்ளே வியர்த்து, பூச்சு புள்ளி புள்ளியாகக் கறுக்கும். உயரம் பூக்கள் நிற்கும் மட்டம்.

வெயிலில் தீப்பிடிக்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. கண்ணாடிப் பூச்சு உள்ள உருண்டை குவியாடி, அதாவது வெளிப்பக்கம் புடைத்த ஆடி. ஒளியைச் சிதறடிக்கும், ஒரு புள்ளியில் குவிக்காது. ஆபத்து பூச்சில்லாத கெட்டிக் கண்ணாடி உருண்டையிலும், தண்ணீர் நிரம்பிய தெளிந்த உருண்டையிலும்தான். அவற்றைக் காய்ந்த புல் பக்கம் வைக்காதீர்கள்.

—

வாயிற்கதவு லாடம்: வாய் மேலே பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்ஷ்டம் கொட்டிப்போகும் என்பது பரவலான வழக்கம். ஒரே ஆணியில் தொங்கவிட்டால் ஆடி ஆடித் தலைகீழாகிவிடும். லாடத்தின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பழைய ஆணித்துளையில் ஸ்குரூ போடுங்கள். துருவுக்கு ஆளி விதை எண்ணெய் தடவலாம். ஆனால் எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைத்துப் பிறகு எறியுங்கள்.

—

அடுக்குமாடிப் பொதுத் தோட்டத்தில் வைப்பதானால் முதலில் மற்ற உரிமையாளர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். 1988-இல் ஜெர்மனியின் ஹம்பர்க் மேல் நீதிமன்றம் அப்படி வைத்த இரண்டு குள்ளர்களை அகற்றச் சொல்லியிருக்கிறது.

தூண்டில் பிடித்த குள்ளருக்கு ஒரு வார்த்தை. கைத்துளையில் இரும்புக் கம்பி செருகாதீர்கள். துரு பருத்து விரலைப் பிளந்துவிடும். மரக்குச்சியோ பித்தளைக் கம்பியோ, ஒட்டாமல் தளர்வாகச் செருகுங்கள். குளிர்காலத்தில் உருவி எடுத்துவிடலாம்.