தாத்தாவின் 5-10 அம்ப்ளிபயருக்குப் பழைய முல்லார்ட் வால்வு வாங்கலாமா?

கொட்டகலைக்காரன்
எல்லோருக்கும் வணக்கம். என் தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். முல்லார்ட் கம்பெனி 1950களில் வெளியிட்ட 5-10 வரைபடத்தைப் பார்த்து அவர் கையால் கட்டிய அம்ப்ளிபயர் எங்கள் வீட்டில் இருக்கிறது. 5-10 என்றால் ஐந்து வால்வு (சூடாகி வேலை செய்யும் கண்ணாடிக் குழாய்), பத்து வாட்: ஒரு ஈஎஃப்86, ஒரு ஈசிசி83, ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு ஈஎல்84, கரண்டை டிசியாக்கும் ரெக்டிபையராக ஈஇசட்81. பல வருடம் அலமாரி மேல் கிடந்தது. போன வாரம் போட்டேன், பாடியது. பத்து நிமிடத்தில் ஒரு ஈஎல்84இன் உள்ளே தகடு செக்கச்செவேலென்று சிவந்து, பாட்டு கிழிய ஆரம்பித்தது. உடனே அணைத்துவிட்டேன். வெளிநாட்டில் ஒருவர் பயன்படுத்தாத பழைய சரக்கு என்று முல்லார்ட் ஈஎல்84 சோடி விற்கிறார். என் அரை மாதச் சம்பளம் போய்விடும். வாங்கலாமா?

பழைய வானொலி
தயங்காமல் வாங்குங்கள் தம்பி. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் தொழிற்சாலையில் செய்த ஈஎல்84 போல இன்றைக்கு யாரும் செய்வதில்லை. என்னிடம் உள்ள சோடியை என் அப்பா வானொலிக்காக வாங்கி வைத்தார், இன்றும் ஓடுகிறது. பாடுபவரின் மூச்சு பக்கத்தில் கேட்கும். ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். இப்போது முல்லார்ட் என்ற பெயரில் வரும் புது வால்வு ரஷ்யாவின் சராத்தோவில் செய்வது, பெயர் மட்டும்தான் பழையது. பழையதில் கண்ணாடியின் அடிப்பக்கம், ஊசிகளுக்குச் சற்று மேலே, பொறித்த குறியீடு இருக்கும். அதன் இரண்டாவது வரி 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் பிளாக்பர்ன். மேலே அச்சடித்த பெயரை யாரும் அழித்து வேறு அடிக்கலாம், பொறித்ததை மாற்றுவது கஷ்டம். அதே வால்வு இராணுவத்துக்கு சிவி2975 என்ற எண்ணிலும் போனது, அப்படி வந்தால் சில நேரம் விலை குறையும்.

பதுளை ஒலி
அண்ணன் சொல்கிற குறியீடு சரிதான். ஆனால் அது எங்கே செய்தது என்று சொல்லும், எத்தனை மணி நேரம் எரிந்தது என்று சொல்லாதே. பழைய சரக்கு என்று விற்பதில் பாதி வானொலியிலிருந்து கழற்றித் துடைத்தது. எமிஷன், அதாவது வால்வில் மிச்சமிருக்கும் பலம், பார்க்கும் மீட்டர் நம் பக்கம் யாரிடம் இருக்கிறது? நான் இப்படி ஒரு சோடி வரவழைத்தேன். பெட்டியைப் பிரித்தால் ஒன்றின் உச்சியில் இருக்க வேண்டிய வெள்ளிப் பூச்சு பால் போல வெளுத்திருந்தது. வழியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்துவிட்டது. விற்றவர் பதிலே போடவில்லை. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே புது ஈஎல்84 வாங்கினால் ஒரே அளவு கரண்ட் இழுக்கும்படி பொருத்திய சோடியாகக் கிடைக்கும், உத்தரவாதமும் உண்டு. அரை மாதச் சம்பளத்தைக் கண்ணாடிக் குழாயில் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

பழைய வானொலி
கெட்டுப்போன ஒரு சோடியை வைத்து எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். புது வால்வும் ஒரு வருடத்தில் இரைந்து செத்ததைப் பார்த்திருக்கிறேன். காசு மட்டும் கணக்கு என்றால் அந்தத் தாத்தா 5-10 கட்டியிருக்கவே மாட்டார்.

ராகலை மெக்கானிக்
இரண்டு பேரும் வால்வைப் பற்றியே பேசுகிறீர்கள். சிவந்தது வால்வின் குற்றம் என்று யார் சொன்னது? தம்பி, சல்லிக்காசு செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

முதலில் இரண்டு ஈஎல்84ஐயும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது. அதே சொக்கட்டில் நின்றால் அம்ப்ளிபயர்தான் கெட்டது. நான் பழுது பார்த்தவற்றில் பெரும்பாலும் இரண்டாவதுதான். முந்தைய வால்வின் உயர் வோல்ட்டேஜ் ஈஎல்84இன் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலைக்கு) வராமல் தடுப்பது அங்கேயிருக்கும் கப்பாசிட்டர். தாத்தா காலத்தில் அது மெழுகு ஊற்றிய காகித கப்பாசிட்டர். நம் மலைப் பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் அலமாரி மேல் கிடந்தால் அது கசியாமல் என்ன செய்யும்? இங்கே சுவரில் தொங்கும் படமே பூஞ்சணம் பிடிக்கிறது. கசிந்தால் கிரிட்டில் பிளஸ் வோல்ட்டேஜ் ஏறும், வால்வு தாங்க முடியாத கரண்டை இழுக்கும். ஈஎல்84இன் தகடு தாங்குவது 12 வாட்தான். அரை மாதச் சம்பளத்தில் வாங்கியதையும் அந்தச் சொக்கட் பத்து நிமிடத்தில் சிவக்க வைக்கும்.

உறுதி செய்ய, சிவக்கும் பக்கத்து ஈஎல்84ஐக் கழற்றிவிட்டு அம்ப்ளிபயரைப் போட்டு, சொக்கட்டின் 2ஆம் ஊசிக்கும் (அதுதான் கிரிட்) சேசிக்கும் (உலோகச் சட்டத்துக்கும்) இடையே டிசி வோல்ட்டேஜ் பாருங்கள். கீழிருந்து பார்த்தால் ஊசிகளுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். பூச்சியம் வர வேண்டும். வால்வு இல்லாமலும் வோல்ட்டேஜ் இருந்தால் கப்பாசிட்டர் கசிகிறது. வால்வு போட்டால் மட்டும் வந்தால் வால்வுக்குள் வாயு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஒருபோதும் அம்ப்ளிபயரைப் போடாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்போமர் போய்விடும், அது போனால் எங்கேயும் கிடைக்காது. உள்ளே முந்நூறு வோல்ட் இருக்கிறது. அணைத்த பிறகும் பெரிய கப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வையுங்கள். அளக்கும்போது ஒரு கை பொக்கெட்டில் இருக்கட்டும்.

கொட்டகலைக்காரன்
ஐயா, ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மாற்றிப் போட்டும் அதே சொக்கட்தான் சிவந்தது. வால்வைக் கழற்றி அளந்தால் 2ஆம் ஊசியில் 9 வோல்ட். மற்றப் பக்கம் 0.4. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வேலை செய்யும் மச்சானிடம் சொல்லி, அதே அளவில் 630 வோல்ட் பிளாஸ்டிக் கப்பாசிட்டர் இரண்டு எடுப்பித்தேன். பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். இரண்டையும் மாற்றிவிட்டேன். இப்போது இரண்டு பக்கமும் பூச்சியம், சிவப்பு இல்லை. ஈஎல்84இன் கரண்ட் கடந்து போகும் கதோட் ரெசிஸ்டர் இரண்டும் 270 ஓம். ஒன்றில் 10.7 வோல்ட், முதலில் சிவந்த வால்வில் 8.2.

ராகலை மெக்கானிக்
270ஆல் வகுத்தால் ஒன்று கிட்டத்தட்ட 40 மில்லிஅம்பியர், மற்றது 30. சிவந்தது தேய்ந்துவிட்டது. பாடும், ஆனால் சோடி சேராது.

பதுளை ஒலி
அப்படியென்றால் இப்போதாவது புது சோடி. தினம் கேட்கிற அம்ப்ளிபயருக்குப் போனால் திரும்ப வாங்கக்கூடிய வால்வுதான் வேண்டும்.

பழைய வானொலி
கப்பாசிட்டர் விஷயத்தில் ராகலை ஐயா சொன்னதே சரி. பார்க்காமல் வாங்கச் சொன்னது என் தவறு. ஈஎல்84க்கு புதியது போடுவதென்றால் போடட்டும், அவை எரிந்து தேய்கிற வால்வுகள். ஆனால் ஈஎஃப்86ஐயும் ஈசிசி83ஐயும் யார் சொன்னாலும் மாற்றாதீர்கள் தம்பி. அவை கொஞ்சக் கரண்டில் ஓடுபவை, பத்தாயிரம் மணி நேரம் கூடத் தாங்கும். பென்சிலின் பின்புறத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி போல ஒலிக்காவிட்டால் நல்லவை. நன்றாயிருக்கும் 10.7 வால்வையும் எறியாமல் துணியில் சுற்றி வையுங்கள். இன்னொன்று, பாடுகிற பழைய வானொலியைப் பிரித்து வால்வு எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். தோட்டத்தில் ஒரு லயமே (தொழிலாளர் வீட்டு வரிசையே) கூடி நின்று செய்தி கேட்ட பெட்டிகள் அவை.

பதுளை ஒலி
அந்த இரண்டு சின்ன வால்வு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன் அண்ணன். பழைய சோடிக்கு அரை மாதச் சம்பளம் கூடாது என்ற என் எண்ணம் மட்டும் மாறவில்லை.

கொட்டகலைக்காரன்
புது சோடிக்குச் சொல்லிவிட்டேன். தட்டிப் பார்த்தேன், ஈஎஃப்86 அமைதியாக இருக்கிறது. வால்வைச் சூடாக்கும் ஹீட்டரில் 6.3 வோல்ட்டுக்குப் பதில் 6.7 காட்டியது. மெயின்ஸ் ட்ரான்ஸ்போமரில் தாத்தா 220 வோல்ட் முனையில் இணைத்திருந்தார். 240க்கு மாற்றினேன், இப்போது 6.1. சரிதானே ஐயா?

ராகலை மெக்கானிக்
சரி. அப்படியே விடுங்கள். புது சோடி போட்டதும் கதோட் வோல்ட்டேஜ் இரண்டையும் மறுபடி அளந்து இங்கே போடுங்கள்.