அத்தையின் எழுபதாம் பிறந்தநாள்: குவாதலூப் பயணக் குழு

மாலதி: அனைவருக்கும் வணக்கம். கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவின் சேன்த் ஆன் ஊரில் நான் பார்த்து வைத்திருக்கும் வீட்டின் உரிமையாளர் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் பாரிஸிலிருந்து பாதி ஊரே அங்கே போவதால், நாம் தாமதித்தால் வீடு கைநழுவிவிடும்.

தினேஷ்: எத்தனை அறைகள்?

மாலதி: நான்கு அறைகள், அத்தான். அவற்றில் ஒன்று கீழ்த்தளத்தில் இருக்கிறது. அத்தை படி ஏற வேண்டியதில்லை. வாசலிலிருந்து மணலுக்கு நடந்தே போய்விடலாம்.

குமரன்: வீடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து போய் ஒரே கடற்கரையில் உட்கார்ந்திருப்பதா? முதல் நாள் லா சூஃப்ரியேர் எரிமலை, மறுநாள் படகில் லே சேந்த் தீவுகள், அதற்கடுத்த நாள் மரி-கலாந்த் தீவு, பிறகு மலாந்தூர் கறுப்பு மணலும் பிஜியோன் தீவுகளும் என்று நான் ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன்.

வசந்தா: மறுபடியும் அட்டவணையா?

தினேஷ்: சிலாவோஸ் சாலையை நான் இன்னும் மறக்கவில்லை, மச்சான்.

மாலதி: அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ரெயூனியோன் தீவில் அந்த நானூறு வளைவுகளையும் கடந்து நாம் மலை ஏறியபோது அத்தை காரின் பின் இருக்கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். மாலையில் நாம் களைத்துப் படுத்தபோது எட்டுப் பேருக்கும் அவரே உலை வைத்தார். இந்த முறை அவர் கரண்டியைத் தொடக் கூடாது என்பதுதான் என் ஒரே நிபந்தனை. சூஃப்ரியேர் 1467 மீட்டர் உயரம். போக விரும்புகிறவர்கள் விடியற்காலையில் போய்விட்டு வரட்டும். அத்தையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரோஜா அத்தை: பிள்ளைகளே, இங்கே புதுச்சேரியில் விடிந்துவிட்டது, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். எனக்காக யாரும் சண்டை போட வேண்டாம். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இங்கே கடற்கரைச் சாலையில் நடக்கிறேனே தவிர, தண்ணீரில் கால் வைத்து நெடுநாள் ஆகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் பயமில்லாமல் நின்றால் எனக்குப் போதும்.

மாலதி: அதற்காகத்தான் சேன்த் ஆனைச் சொல்கிறேன், அத்தை. தீவு வண்ணத்துப்பூச்சி போல இரண்டு சிறகுகளாக இருக்கும். மேற்குச் சிறகான பாஸ்-தேர் எரிமலை, காடு, அருவி என்று மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கிழக்குச் சிறகான கிராந்த்-தேர் சுண்ணாம்புப் பாறைத் தரை, அங்கேதான் வெள்ளை மணல். சேன்த் ஆனுக்கு முன்னால் பவளப்பாறைத் தொடர் அலையைத் தடுத்துவிடுவதால், உள்ளே தண்ணீர் குளம் போலக் கிடக்கும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் ஆழம் மெல்லத்தான் கூடும். நீங்கள் கைப்பிடி இல்லாமலே நிற்கலாம்.

குமரன்: தெற்குக் கரையில் கடலில் மிதந்து வரும் சர்காசம் பாசி ஒதுங்குகிறதே, அதை யோசித்தாயா? 2011 முதல் அந்தத் தீவுகளை அது படுத்தும் பாடு கொஞ்சமல்ல. கரையில் அழுகினால் அழுகிய முட்டை நாற்றம், மூச்சுத் திணறல், வெள்ளி நகை கறுத்துப்போகும். மேற்கில் தெஷேயின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரைக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

மாலதி: யோசித்தேன், அண்ணா. பாசி அதிகமாக வருவது வசந்த காலத்திலிருந்து கோடை முடியும் வரைதான். பிப்ரவரியில் குறைவாகவே இருக்கும். அதுவும் வறண்ட காலம், ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் பருவமும் முடிந்திருக்கும். கிராந்த் ஆன்ஸ் மணல் அழகுதான். ஆனால் அங்கே அலை அடிக்கும், கரையும் சட்டென்று சரியும், அத்தையின் முழங்காலுக்கு அது ஆகாது. பாசி வந்துவிட்டால் அன்றைக்கு மட்டும் காரில் மேற்கே போய்விடலாம்.

வசந்தா: தண்ணீர் வருமா? என்னுடன் வேலை பார்க்கும் பெண் அந்தத் தீவுக்காரி. குழாய்கள் பழுதாகி, ஊர் ஊராக முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் என்கிறாள்.

மாலதி: நல்ல கேள்வி, அண்ணி. வீட்டுக்குத் தனித் தொட்டியும் மோட்டாரும் இருக்கின்றனவா என்று இன்றே உரிமையாளரிடம் எழுதிக் கேட்கிறேன். தொட்டி இல்லையென்றால் அந்த வீடே வேண்டாம்.

தினேஷ்: அம்மாவின் விசா?

மாலதி: இதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள். குவாதலூப் பிரான்சின் பகுதிதான், யூரோதான் புழங்குகிறது, நமக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் கவலையில்லை. ஆனால் அது ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டாரமான ஷெங்கன் எல்லைக்குள் வராது. அத்தையிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. பாரிஸுக்கு வர எடுக்கும் குறுகிய கால ஷெங்கன் விசாவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியாது. அந்தத் தீவுக்கென்று தனி விசாவையும் புதுச்சேரியிலிருந்து புறப்படும் முன்பே விண்ணப்பித்து வாங்க வேண்டும். இன்னொன்று, தீவுக்குப் போவது ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்காகும் என்பதால், ஒரே முறை நுழையும் விசாவாக இருந்தால் திரும்பிப் பாரிஸில் இறங்கும்போது சிக்கல் வரும். ஆகவே இரண்டு முறையாவது நுழைய அனுமதி கேட்டு எழுத வேண்டும். வீட்டு முகவரியும் போக வர விமானச் சீட்டும் விண்ணப்பத்தோடு காட்ட வேண்டியிருப்பதால்தான் ஞாயிற்றுக்கிழமை என்று அவசரப்படுகிறேன்.

தினேஷ்: புரிந்தது. அம்மாவின் தாள்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குமரன்: அப்படியானால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊருக்கு மட்டும் போக வேண்டும். 1854ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் நம் பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தீவின் துறைமுகமான புவாந்த்-ஆ-பித்ரில் போய் இறங்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடிமக்களின் உரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடிய ஆன்ரி சிதம்பரம் அந்த ஊர்க்காரர்.

வசந்தா: விடுமுறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சரோஜா அத்தை: அவன் சொல்லட்டும். அங்கே கோயில் இருக்கிறதா, குமரா?

குமரன்: சாங்ஷி என்ற இடத்தில் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது, அத்தை. அங்குள்ளவர்கள் மாலியேமென் என்று வழிபடுகிறார்கள். கோபுரமெல்லாம் நம் ஊர்க் கோபுரம் போல வண்ணம் பூசி, சாலையிலிருந்தே தெரியும்.

சரோஜா அத்தை: அப்படியென்றால் அங்கே ஒரு நாள் என்னை அழைத்துப்போங்கள். மற்ற நாள்களில் நான் கடலோடு இருந்துகொள்கிறேன்.

மாலதி: அத்தை கேட்டால் மறுப்பேது? சேன்த் ஆனிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். புவாந்த்-ஆ-பித்ரைத் தாண்டும் இடத்தில் காலையில் நெரிசல் அதிகம் என்பதால் ஒன்பது மணிக்குப் பிறகு கிளம்பலாம்.

வசந்தா: சமையல்?

மாலதி: காலையில் ரொட்டியும் பழமும் போதும். மதியம் கடற்கரைக் கடைகளில் பொக்கித் என்ற பொரித்த ரொட்டி, கருவாட்டு மீன் வடையான அக்ரா, கொலோம்போ என்ற மசாலாக் கோழிக் குழம்பு எல்லாம் கிடைக்கும். கொலோம்போவில் மஞ்சள், மல்லி, சீரகம் எல்லாம் இருப்பதால் அத்தைக்கு வாய்க்குப் பிடிக்கும். இரவுக்குத் தினேஷ் அத்தானும் அண்ணாவும் முறை வைத்து மீன் பொரிக்கட்டும். இறக்குமதிப் பொருள்களுக்குத் தீவில் தனி வரி இருப்பதால் விலை கூடுதல்; அரிசி, பருப்பு, மிளகாய்த் தூளை மட்டும் பெட்டியில் கொண்டுபோகலாம்.

தினேஷ்: நான் மீன் பொரிக்கிறேன். பிள்ளைகளுக்கு ஏதாவது எச்சரிக்கை உண்டா?

மாலதி: உண்டு, அத்தான். கடற்கரை ஓரத்தில் மான்செனியே என்ற மரம் நிற்கும். சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்த்து மணலில் உதிர்ந்து கிடக்கும், மணமும் இனிப்பாக இருக்கும், ஆனால் கடித்தால் தொண்டை வெந்துவிடும். மழை பெய்யும்போது அதன் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்கச் செய்யும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை பூசியிருப்பார்கள். எல்லா மரத்திலும் பூசியிருப்பார்கள் என்று நம்பக் கூடாது. நிழலுக்குத் தென்னையையும் கடல்திராட்சை மரத்தையும் நாடச் சொல்லுங்கள்.

குமரன்: பணத்தை எப்படிப் பிரிப்பது? ரெயூனியோன் கணக்கே இன்னும் முடியவில்லை.

தினேஷ்: கார் வாடகை முழுவதையும் நான்தான் கொடுத்தேன், மச்சான்.

குமரன்: வீட்டு முன்பணம் நான் கொடுத்தேன், மாப்பிள்ளை.

சரோஜா அத்தை: என் ஓய்வூதியத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன், என் பங்கை நானே தருகிறேன்.

மாலதி: அத்தை, நீங்கள் ஒரு காசும் தரக் கூடாது. வீட்டை மூன்று குடும்பங்களும் சமமாகப் பிரிப்போம், அத்தையின் விமானச் சீட்டை நானும் தினேஷ் அத்தானும் பார்த்துக்கொள்கிறோம். பழைய கணக்கை அண்ணாவும் அத்தானும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். விடுமுறையின் முதல் வாரமா இரண்டாம் வாரமா என்பதை மட்டும் இன்றிரவு சொல்லுங்கள். துலூஸுக்கும் பாரிஸுக்கும் பள்ளி விடுமுறை ஒன்றுதான்.

தினேஷ்: முதல் வாரம்.

வசந்தா: எனக்கு இரண்டாம் வாரம்தான் விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. நாளை மேலாளரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

குமரன்: எரிமலைக்கு யார் யார் வருகிறீர்கள்?

தினேஷ்: நான் வருகிறேன். காலை ஐந்து மணிக்கு மேல் என்றால் மட்டும்.

மாலதி: தண்ணீர்த் தொட்டி பற்றி வீட்டுக்காரருக்கு எழுதிவிட்டேன். அண்ணி, உங்கள் விடுப்பு தெரிந்தவுடன் சொல்லுங்கள். அதன் பிறகுதான் முன்பணம் அனுப்புவேன்.