ஜாஸ்பர் உருவப் பதக்கம்: விக் இல்லாத முகம் எதைச் சொல்கிறது?

நீலவட்டு:
இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் மண்பாண்டப் பட்டறை 18ஆம் நூற்றாண்டில் செய்த ஜாஸ்பர் (மெருகு பூசாத நுண்களிமண்) பதக்கங்களில், நீலப் பின்னணியில் வெள்ளைப் புடைப்பாகப் பக்கவாட்டு முகம். பலருக்கு விக் இல்லை, தோளில் ரோமானியத் துணி. விக் இல்லாமல் வெளியே வராத கனவான்கள் இதை எப்படி ஒப்புக்கொண்டார்கள்? பழைய பதக்கத்தை எப்படி இனம்காண்பது?

சூளைவாசி:
விரும்பியே ஒப்புக்கொண்டார்கள். குட்டை முடி, பக்கவாட்டு முகம் எல்லாம் ரோமானிய நாணயத்தின் இலக்கணம். விக்கும் கோட்டும் பதவியைக் காட்டும். டோகா என்னும் ரோமானிய மேலாடை போட்டால், ரோமானியப் பேச்சாளர் சிசரோ வரிசையில் இடம். வெட்ஜ்வுட் பட்டியலிலேயே பண்டையோர் தலைகளோடு 'புகழ்பெற்ற நவீனர்' என்றொரு பிரிவு உண்டு. நியூட்டன் அதில் இருக்கிறார். பணம் பெரிய தடையாக இல்லை. மெழுகு மாதிரிக்கு 3 முதல் 5 கினி (ஒரு பவுண்டை ஒட்டிய பழைய ஆங்கில நாணயம்), பத்துப் பிரதிக்குக் குறையாமல் எடுத்தால் ஒவ்வொன்றும் அரை கினி. பளிங்கு மார்பளவுச் சிலையோடு பார்த்தால் சொற்பம். ஆனால் பளிங்குச் சிலை ஒரே வீட்டில் நிற்கும். இது நண்பர்களின் வீடுகளுக்கெல்லாம் போய்ச்சேரும். யார் யார் அலமாரியில் நம் முகம் இருக்கிறது என்பதில்தான் கௌரவம்.

மெழுகுஅச்சு:
டோகாவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பிரான்சில் நீனி என்ற சிற்பி 1777இல் செய்த சுடுமண் பதக்கத்தில் அமெரிக்கத் தூதர் பிராங்க்ளினுக்கு மென்மயிர்த் தொப்பி! பாரிஸ் அரசவை நாகரிகத்துக்கு நடுவே அந்த எளிமைதான் அவர் பெருமை. அணிபவரின் கொள்கையைச் சொன்ன பதக்கமும் உண்டு: 1787இல் வெட்ஜ்வுட் வெளியிட்ட அடிமை வணிக எதிர்ப்புப் பதக்கம். ஆண்கள் மூக்குப்பொடி டப்பியில் பதித்தார்கள், பெண்கள் வளையலிலும் கொண்டை ஊசியிலும்.

சூளைவாசி:
இனம்காண்பதற்கு வருகிறேன். மெழுகு மாதிரியிலிருந்து பிளாஸ்டர் அச்சு. அதில் வெள்ளை ஜாஸ்பர் களிமண்ணை அழுத்தி, முதுகைச் சமமாக வழித்து, மெல்ல எடுத்து, தண்ணீர் தடவி நீலத் தகட்டில் ஒட்டுவார்கள். ஈரம் முழுதும் போகுமுன் காது, முடி ஓரங்களைக் கருவியால் கூர்மையாக்குவார்கள். இரண்டு களிமண்ணும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் புடைப்பு விரிசல் விடும், அல்லது கழன்றுவிடும். கோபால்ட் நீலம் வெள்ளையில் கசிவதும் உண்டு.

சூளையில் சுமார் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே சுட்ட பதக்கத்திலிருந்தே அச்செடுத்த நகல் அசலைவிடச் சிறிதாக, முடிக்கற்றை மழுங்கி இருக்கும். முதலில் அளவெடுங்கள், பிறகு முத்திரை. 'வெட்ஜ்வுட் அண்ட் பென்ட்லி' என்றிருந்தால் வெட்ஜ்வுட்டின் கூட்டாளி பென்ட்லி இறந்த 1780ஐ ஒட்டியோ அதற்கு முன்போ செய்தது. 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் 1891க்குப் பிந்தையது. பெயரின் நடுவில் கூடுதலாக ஓர் ஆங்கில 'இ' எழுத்து (Wedgewood) இருந்தால் வேறு பட்டறைச் சரக்கு.