மறுபடியும் வந்திருக்குமோ? ரிப்போர்ட் கைக்கு வரும்வரை தெரிந்திருக்க வேண்டியவை

“பயாப்சி கொடுத்து ஆறு நாள் ஆச்சு, இன்னும் கூப்பிடவில்லை, அப்படியென்றால் மோசமாகத்தான் இருக்கும்.” மார்பகப் புற்றுநோய் திரும்பியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் காத்திருக்கிற எல்லோர் மனதிலும் ஓடுகிற கணக்கு இது. லேபில் அந்தச் சதைத்துண்டுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் கணக்கு தப்பு என்பது விளங்கும்.

கோர் பயாப்சியில், அதாவது தடித்த ஊசியால் சதை எடுக்கும் சோதனையில், கிடைப்பது தீக்குச்சி கனத்தில், ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் சில துண்டுகள். எடுத்த கையோடு, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடுவார்கள். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்தால், பிறகு செய்கிற ஹார்மோன் ரிசெப்டர் சோதனை (புற்றணுவில் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது) தவறாக ‘நெகட்டிவ்’ காட்டிவிடலாம். ஊறிய பிறகு நீர்ச்சத்தை நீக்கி, மெழுகில் பதித்து, 3 அல்லது 4 மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் தெரிந்துவிடும். தெளிவில்லை என்றால் கூடுதல் சாயச் சோதனைகள் போவார்கள். கடைசியில் ‘ஒன்றுமில்லை’ என்று வருகிற சதைக்கும் இப்படி நாள் கூடுவது உண்டு.

புற்றுநோய் என்று உறுதியானால் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், புரோஜெஸ்டரோன் ரிசெப்டர், புற்றணுவை வளரத் தூண்டும் ஹெர்-2 புரதம் மூன்றையும் புதிதாகப் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட் இருக்கிறதே என்று விட முடியாது, திரும்பி வரும்போது ரிசெப்டர் மாறியிருக்கலாம், சிகிச்சையும் அதோடு மாறும். ஹெர்-2 ‘2+’ என்று வந்தால் இரண்டுங்கெட்டான் நிலை. ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் என்ற இன்னொரு சோதனைக்கு அனுப்புவார்கள், மேலும் சில நாள் ஆகும்.

எலும்பிலிருந்து எடுத்தால் முதலில் கால்சியத்தைக் கரைக்க வேண்டும். கடும் அமிலத்தில் கரைத்தால் ரிசெப்டர் முடிவு கெட்டுப்போகும். கால்சியத்தை மெதுவாகக் கரைக்கும் ஈடிடிஏ என்ற ரசாயன முறையில் செய்ய முடியுமா என்று பயாப்சிக்கு முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை.

* * *

லேபில் நடப்பது அது. இனி கட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

தழும்புக்குப் பக்கத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் ஆபரேஷனும் ரேடியேஷனும் நடந்த இடத்தில் கொழுப்புத் திசு செத்து இறுகிப்போவது உண்டு. கல் மாதிரி கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், தோலை உள்ளே இழுத்துக்கொண்டுகூட இருக்கும். ஆபரேஷனாகி வருடங்கள் கழித்தும் வரும். தையல் இருந்த இடத்தில் திரளும் சதை, தேங்கிய நீர் இவையும் விரலுக்குக் கட்டியாகவே படும். கையால் தடவிப் பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, அதனால்தான் ஊசி போட்டு எடுக்கிறார்கள்.

எனவே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அமுக்கிப் பார்க்காதீர்கள். பயாப்சிக்குப் பிறகு உள்ளே ரத்தம் கட்டி வீங்குவது சகஜம். அதை அமுக்கிவிட்டு ‘பெரிதாகிவிட்டது’ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. முதல் நாள் ஐஸை துணியில் சுற்றி 10 நிமிடம் போல விட்டுவிட்டு வையுங்கள், 24 மணி நேரம் கனம் தூக்க வேண்டாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் சிவப்பு, நிற்காத ரத்தம் இருந்தால் மட்டும் உடனே கூப்பிடுங்கள்.

‘ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “ஸ்கேனில் தெரிந்ததும் இதுவும் ஒத்துப்போகிறதா?” படம் சந்தேகமாக இருந்து பயாப்சி நல்லது என்றால், ஊசி சரியான இடத்தில் படாமல் இருந்திருக்கலாம். அப்போது மறுபடி எடுப்பார்கள். ‘சாம்பிள் போதவில்லை’ என்று வந்தாலும் அப்படியே, அதற்கு நல்லது கெட்டது என்று எந்த அர்த்தமும் கிடையாது.

* * *

பெட் ஸ்கேன் (உடலில் சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் படம்) எழுதியிருந்தால், தயாரிப்பில் கோட்டை விடாதீர்கள். சாதாரணமாக 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். முந்தின நாளிலிருந்தே கடும் உடற்பயிற்சி வேண்டாம், வேலை செய்த தசை சர்க்கரையை இழுத்துப் படத்தில் ஒளிரும். ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமைத் தாண்டினால் பல இடங்களில் ஸ்கேனைத் தள்ளிவைப்பார்கள். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் நேரத்தைத் தாங்களாக மாற்றாமல் ஸ்கேன் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனுக்கான கதிரியக்கச் சர்க்கரை மருந்தை ஏற்றிய பிறகு சுமார் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு சால்வை எடுத்துப் போங்கள், குளிரில் நடுங்கினால் கழுத்தைச் சுற்றியுள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து நெறி கட்டியது போலக் குழப்பும்.

சமீபத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் எந்தக் கையில், எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடுங்கள், அந்தப் பக்க அக்குள் நெறிகள் ஒளிரலாம். புண், தொற்று, ரேடியேஷன் பட்ட இடம் எல்லாமே ஒளிரும். படத்தில் வெளிச்சம் என்றால் புற்றுநோய் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

மார்பகப் புற்றுநோயைக் கண்காணிக்கப் பார்க்கும் சிஏ 15-3 ரத்தச் சோதனையும் அப்படித்தான். கல்லீரல் கோளாறில்கூட ஏறும். இரண்டு வேறு லேபின் எண்களை ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமே இல்லை.

* * *

மனசு பற்றி. வீட்டில் “ஒண்ணும் இருக்காது, விடு” என்பார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டவரின் வாய் அத்தோடு அடைத்துப்போகும். கூட இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: “உனக்குப் பயமாத்தான் இருக்கும், எனக்கும் இருக்கு” என்று சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள், அவர் பேச ஆரம்பிப்பார்.

பயாப்சி அன்றே மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: முடிவு எந்தத் தேதிக்குள் வரும், யார் சொல்வார்கள், அந்தத் தேதி தாண்டினால் எந்த எண்ணுக்குப் பேசுவது. போனில் ரிப்போர்ட் வந்துவிழும் என்றால் அதைத் தனியாகத் திறப்பதா, டாக்டர் முன்னால் திறப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அதைப் படித்தால் விளக்கம் சொல்ல ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

கவலையை அடக்க முடியாது, ஆனால் அதற்கு நேரம் ஒதுக்கலாம். சாயங்காலம் 20 நிமிடம், ஒரு நோட்டில் மனதில் வருவதையெல்லாம் எழுதி மூடுங்கள். நடு ராத்திரியில் விழிப்பு வந்தால் ‘நாளைக்கு நோட்டில்’ என்று தள்ளிவிட்டு, 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள். தூக்கமே போனால் டாக்டரிடம் மருந்து கேட்பதில் கூச்சம் வேண்டாம். டாமாக்ஸிஃபென் (மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை மாத்திரை) எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஃப்ளூஆக்ஸெடின், பராக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கும்.

ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாத அறிகுறிகளும் உண்டு. முதுகுவலியோடு கால் பலம் குறைவது அல்லது மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, மூச்சுத்திணறல், வாந்தியோடு கடும் தலைவலி, வலிப்பு. இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போய், ‘ஏற்கனவே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.