வீட்டில் வேலை நடக்கும்போது நாய், பூனை, கிளி, மீன்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துப் பலரின் அனுபவப் பகிர்வு

சாட்ஸ்வொர்த், கட்டட மேற்பார்வை

தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆகஸ்டில் வேலையைத் தொடங்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். டைல் நிறம், குழாய் மாடல் வரை பட்டியலில் இருக்கும். நாய் எங்கே படுக்கும், பூனை எந்த வழியாகப் போய்வரும் என்று ஒரு வரி இருக்காது. எல்லாரும் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் வேலை நடக்கும் வீட்டில் பிராணிகள் சிக்குவது பெரும்பாலும் எதையாவது திறக்கும்போதும் எதையாவது அடைக்கும்போதும்தான். திறப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். அடைப்பதைப் பற்றிச் சீலிங், அலமாரி வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில் கேட். மணல் ஏற்றிய பக்கி (சிறிய சரக்கு வண்டி) பின்பக்கமாக உள்ளே வரும். ஒருவர் கேட்டைத் திறந்துவிட்டு டிரைவருக்குக் கைகாட்டப் போவார். அந்த ஒரு நிமிடம் போதும், நாய் தெருமுனையைத் தாண்டியிருக்கும். "கேட்டைச் சாத்துங்கள்" என்று வேலையாட்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. தோளில் சிமெண்ட் மூட்டையோடு வருகிறவர் எந்தக் கையால் சாத்துவார்? நாய்க்கும் தெருவுக்கும் நடுவில் எந்த நேரமும் இரண்டு கதவு இருக்க வேண்டும், அதுதான் வழி. பின்முற்றத்தில் ஒரு பகுதியை 1.8 மீட்டர் உயர வெல்ட்மெஷ் (கம்பி வலை) வைத்துத் தடுத்துவிடுங்கள். கம்பங்கள் அரை மீட்டராவது மண்ணுக்குள் போகட்டும். தோண்டுகிற நாயாக இருந்தால் வலையின் அடியை உள்பக்கமாக மடித்து, மேலே ஒரு வரிசை பிளாக் அடுக்குங்கள். தடுப்பின் கதவு நாய் இருக்கும் பக்கமாகத் திறக்கவேண்டும். அப்போது நாய் எவ்வளவு தள்ளினாலும் கதவு சாத்திக்கொள்ளத்தான் செய்யும்.

சுற்றுச்சுவரை இடித்துக் கட்டுவதாக இருந்தால் காலண்டரைப் பார்த்துத் தொடங்குங்கள். அக்டோபர் நவம்பரில் தீபாவளி வெடி, நவம்பர் 5 'கை ஃபாக்ஸ்' நாள் வெடி, பிறகு புத்தாண்டு. டிசம்பர் நடுவில் கட்டடத் தொழிலே மூடிவிடும், ஜனவரியில்தான் ஆட்கள் திரும்புவார்கள். பாதி நின்ற சுவரோடு அந்த வாரங்களில் மாட்டிக்கொண்டால், வெடிச்சத்தத்தில் மிரண்ட நாயைத் தடுக்க எதுவுமே இருக்காது. மழையும் அதே மாதங்களில்தான். சுவர், கூரை வேலைகளுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை உள்ள வறண்ட காலமே சரி.

வேலை தொடங்கும் முன் மைக்ரோசிப்பில் பதிவான போன் எண் இப்போதைய எண்தானா என்று பாருங்கள். 15 இலக்கச் சிப் கழுத்துக்குள் இருந்தும், பதிவில் பழைய எண் இருந்தால், எஸ்.பி.சி.ஏ.வில் (பிராணி வதைத் தடுப்புச் சங்கம்) ஸ்கேன் செய்தாலும் உங்களைப் பிடிக்க முடியாது.

ஃபீனிக்ஸ், சமையலறை அலமாரி மற்றும் சீலிங்

சாட்ஸ்வொர்த் அண்ணா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். அடைப்பதில் சிக்குவது பெரும்பாலும் பூனை. புது ஆட்கள் இருக்கும் வீட்டில் பூனை இருட்டான, இறுக்கமான இடத்தைத் தேடிப் போகும். போனபின் கூப்பிட்டாலும் பதில் கொடுக்காது. பயந்த பூனை கத்தாது, அசையாமல் கிடக்கும். ஆகவே "சத்தம் இல்லை, உள்ளே இல்லை" என்ற கணக்கு இங்கே உதவாது.

கீழ் அலமாரிகள் 100 முதல் 150 மி.மீ. உயரக் கால்களில் நிற்கும். முன்னால் கிக்பிளேட் (கால்களை மறைக்கும் அடிப்பலகை) போடும்வரை அந்த இடைவெளி முழுவதும் ஒரே சுரங்கம். மூலை அலமாரிக்குப் பின்னால் கை எட்டாத ஒரு பொந்து உண்டு, டார்ச் அடித்தாலும் தெரியாது. எல்லாப் பலகையையும் மாட்டிவிட்டு கடைசி ஒன்றை மட்டும் ஒரு இரவு விட்டுவைக்க வேண்டும். அந்த வாயில் ஒரு சாண் அகலத்துக்குக் கோதுமை மாவைத் தூவிவிடுங்கள். காலையில் கால்தடம் வெளியே வந்ததா, உள்ளே போனதா என்று மாவே சொல்லிவிடும். தடம் உள்நோக்கி மட்டும் இருந்தால் பலகையை மாட்டாதீர்கள், அருகில் டூனா வைத்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள். கிக்பிளேட்டைச் சிலிக்கான் போட்டு ஒட்டாமல் கிளிப்பில் மாட்டச் சொல்லுங்கள். பிறகு தண்ணீர் கசிந்தாலும் கழற்ற வசதி.

குளியல் தொட்டியைச் சுற்றி டைல் போட்டு அடைக்கும் வீடுகளில், ஒரு டைலையாவது காந்தப் பிடியில் கழற்றக்கூடியதாக வைக்கவேண்டும். கைசர் (வெந்நீர்த் தொட்டி) மாற்றும் நாளில் சீலிங் பொறிக்கதவு மணிக்கணக்கில் திறந்து கிடக்கும், ஏணியும் அடியிலேயே நிற்கும். பூனைக்கு அது படிக்கட்டு. மேலே போனால் இளஞ்சிவப்புக் கண்ணாடி நார் மெத்தையில் படுத்துவிடும், அந்த நார் தோலையும் கண்ணையும் உறுத்தும். ஏணி எடுக்கும்வரை பூனை பூட்டிய அறையில் இருக்கட்டும். ஜிப்சம் போர்டில் கடைசி ஸ்க்ரூ போடும் முன் வீட்டிலிருக்கும் பூனைகளைக் கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். "எங்கேயோ இருக்கும்" என்று யாராவது சொன்னால் அது எண்ணிக்கையில் சேராது.

பீட்டர்மரிட்ஸ்பர்க், கால்நடை மருத்துவமனை நர்ஸ்

வேலை ஆட்கள் மாலையில் போனபின் தரையில் என்ன கிடக்கிறது என்பதுதான் என் கவலை.

முதல் எதிரி பாலியூரிதேன் மரப்பசை, ஈரம் பட்டால் நுரைத்துப் பெருகும் வகை. நாய்கள் டியூபைக் கடித்து விழுங்கும். வயிற்று ஈரத்தில் அது பல மடங்கு உப்பி, இரைப்பையின் வடிவத்திலேயே கட்டியாக இறுகிவிடும். பிறகு அறுவை சிகிச்சை ஒன்றே வழி. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வரும் வழியில் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துவிடும். தண்ணீரோ சாப்பாடோ கொடுக்காமல், டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். நாய் நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்கவேண்டாம், அறிகுறி பல மணி நேரம் கழித்துக்கூட வரும்.

சிமெண்ட், டைல் கிரவுட் (டைல் இடுக்கை நிரப்பும் கலவை): ஈரமானால் கடுமையான காரம். காய்ந்த தூளாக முடியில் இருந்தால் முதலில் துடைத்து உதறிவிட்டு, பிறகே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று வினிகர் ஊற்றக்கூடாது. புது கிரவுட் மேல் 24 மணி நேரம் கால் படவேண்டாம். டைலில் படிந்த கிரவுட்டை எடுக்கப் பயன்படுத்தும் பிரிக் கிளீனர் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதைக் கழுவிவிட்ட தண்ணீர் முற்றத்தில் தேங்கி நிற்கும், நாய் அதில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்.

கூரைக்குப் போடும் பிட்டுமன் (தார்) பாதத்தில் ஒட்டினால் டர்பன்டைனைத் தொடாதீர்கள், அது தாரைவிட மோசம். சமையல் எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசுங்கள்.

கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) ஸ்க்ரூ, நட்டு, வாஷர்: இரைப்பை அமிலத்தில் துத்தநாகம் கரைந்து ரத்த அணுக்களை உடைக்கும். ஈறு வெளுப்பு, கருஞ்சிவப்புச் சிறுநீர் தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். தினமும் மாலை கயிற்றில் கட்டிய காந்தத்தைத் தரையில் இழுத்தாலே ஆணி, ஸ்க்ரூ பெரும்பாலும் வந்துவிடும்.

பூனைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் கடலோரத்தில் வீடு விற்கும்போது மரப்பூச்சிச் சான்றிதழ் கேட்பது வழக்கம். அதற்காகக் கூரை மரத்துக்கு மருந்து அடிப்பார்கள். பல மருந்துகளில் பெர்மெத்ரின் உண்டு. நாய் தாங்கும், பூனையின் ஈரல் அதை உடைக்காது. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரையே எடுக்கும். லேபிளை நீங்களே படியுங்கள். காய்ந்து, காற்று ஓடும்வரை பூனை வேறு வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக ஆண் பூனை. மண்பெட்டியை வேலைக்காக ஒரே நாளில் வேறு மூலைக்குத் தூக்கிப் போட்டால், பயத்திலும் மன அழுத்தத்திலும் சிறுநீர்ப்பை வீங்கிக் குழாய் அடைத்துக்கொள்ளலாம். பெட்டியில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. மலச்சிக்கல் என்று எண்ணி விடிய விடக்கூடாது. ஓரிரு நாளில் உயிர் போகும் நிலை அது, அன்று இரவே மருத்துவமனை. பெட்டியை வேலைக்கு இரண்டு வாரம் முன்பே தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தத் தொடங்குங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்கட்டும்.

மியர்பேங்க்

ரேபிஸ் சான்றிதழை யாரும் சொல்லவில்லை. குவாசுலு-நட்டாலில் அந்த நோய் இன்னும் இருக்கிறது, நாய்க்கும் பூனைக்கும் ஊசி சட்டப்படி கட்டாயம். முற்றத்தில் புது ஆட்கள் நடமாடும்போது அமைதியான நாயும் கடிக்கலாம். கடிபட்டவரை காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவவைத்து உடனே கிளினிக்குக்கு அனுப்புங்கள். நாயின் ஊசி அட்டை ஃபிரிட்ஜ் கதவிலேயே இருக்கட்டும், தூசிக்கு மூடிய பெட்டிகளுக்குள் வேண்டாம்.

டொங்காட், கூரை வேலை

1960, 70களின் கவுன்சில் வீடுகள் பலவற்றில் கூரை இன்னும் ஆஸ்பெஸ்டாஸ்தான். 2008இல் தயாரிப்பும் இறக்குமதியும் தடையானது, ஏற்கெனவே போட்ட தகடு அப்படியே நிற்கிறது. அதைக் கிரைண்டரில் அறுப்பதோ, பெயிண்டுக்காக ஹைபிரஷரில் கழுவுவதோ கூடவே கூடாது. இறவாரத்தின் அடியில் படுக்கும் நாய் முடியில் அந்த இழையைச் சுமந்து நேராகப் படுக்கைக்குக் கொண்டுவரும். 2020 விதிமுறைப்படி பதிவு பெற்ற கான்ட்ராக்டரே கழற்ற வேண்டும். அந்த நாட்களில் பிராணிகள் வீட்டிலேயே இருக்கவேண்டாம்.

இடித்த கல்லையும் பழைய தகட்டையும் மூலையில் குவித்து வைப்பது இன்னொரு தொல்லை. முதலில் தேரையும் எலியும் வரும், பின்னாலேயே ம்ஃபேசி வரும், விஷம் துப்பும் நாகம். டெரியர் வகை நாய்கள் தகட்டுக்கடியில் மூக்கை நுழைக்கும், விஷம் கண்ணில் விழும். கண்ணை ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவி, உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். கண்ணைக் கசக்க விடாதீர்கள். இடிபாட்டை ஸ்கிப்பில் (வாடகைக் குப்பைத் தொட்டி) போட்டு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். செங்கல்லைத் தரையில் அடுக்காமல் பேலட் மேல் ஏற்றி, நாய் இருக்கும் தடுப்புக்கு வெளியே வையுங்கள்.

ஜன்னலைக் கழற்றிய அன்று குரங்கு வரும், சந்தேகமே வேண்டாம். சட்டத்தில் கம்பி வலையை ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள், பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிடும். அறைக்குள் மாட்டிய குரங்கு நாயைக் கடித்தால் காயம் ஆழமாக இருக்கும்.

வெருலம், பறவை வளர்ப்பு

பறவைக்கு "பக்கத்து அறை" என்பது கிடையாது. நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருப்பதால் நம்மைவிட வேகமாக நச்சை இழுத்துக்கொள்ளும். எனாமல் பெயிண்ட், வார்னிஷ், ஸ்ப்ரே எது வந்தாலும் கூண்டு வேறு வீட்டுக்குப் போகவேண்டும், வாசனை முழுவதும் போனபிறகே திரும்பவேண்டும். பலர் மறப்பது புது 'அவன்' அடுப்பு. முதல் தடவை சூடேற்றும்போது உட்பூச்சு புகையும், நான்ஸ்டிக் பூச்சு இருந்தால் கிளி நிமிடங்களில் சாகும். முதல் சூட்டைப் பறவை வெளியில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க், நர்ஸ் மறுபடியும்

வேலைச் சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கு மயக்க மாத்திரை கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார், அவருக்கு: பழைய ஏசிபிரோமசின் உடம்பைத் தளர்த்தும், பயத்தைக் குறைக்காது. காங்கோ (சுவர் உடைக்கும் மெஷின்) சத்தம் முழுவதும் கேட்கும், ஓட மட்டும் முடியாது. டாக்டரிடம் டிராசோடோன், காபாபென்டின் பற்றிக் கேளுங்கள், வேலை இல்லாத ஒரு நாளில் கொடுத்துப் பாருங்கள். கென்னலில் (பிராணிகள் விடுதி) விடுவதானால் ஐந்து-நோய் ஊசியும் கென்னல் இருமல் மருந்தும் குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடியட்டும். டிசம்பருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். பூனைக்குக் கென்னலைவிட, வேலை எட்டாத ஒரே அறை மேல். கதவில் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் "திறக்காதே" என்று எழுதி, பூனைப் படத்தோடு ஒட்டுங்கள்.

இசிபிங்கோ, மீன் தொட்டி

காற்றுப் பம்பு அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளுகிறது, பெயிண்ட் வாசனையையும் சேர்த்து. பம்பைச் சுத்தமான அறையில் வைத்து நீளக் குழாயில் காற்றைக் கொண்டுவாருங்கள். தொட்டியை ஈரத் துணியால் மூடலாம், ஓரத்தில் இடைவெளி விட்டு. சுவரைக் காங்கோ வைத்து உடைக்கும் அறையில் கண்ணாடித் தொட்டி நிற்கக்கூடாது. முழுத் தண்ணீரோடு நகர்த்தினால் ஒட்டு விடும், காலி செய்தே நகர்த்துங்கள்.

எலக்ட்ரீஷியன் டிபியை (வீட்டின் மெயின் ஸ்விட்ச் பெட்டி) அணைக்கும் நாளுக்கு பேட்டரி பம்பு தயாராக இருக்கட்டும், லோட் ஷெடிங்குக்கு (மின்வெட்டு) வாங்கியதே போதும். ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளிருக்கும் நல்ல பாக்டீரியா மூச்சில்லாமல் சாகும். அப்படியே ஆன் செய்தால் அந்தக் கெட்ட தண்ணீர் முழுவதும் தொட்டிக்குள் வரும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓடவிடுங்கள். ஒரு வாரம் தீனியைப் பாதியாக்கி, அம்மோனியாவைத் தினமும் சோதித்து, ஏறினால் கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீருக்கு டீகுளோரினேட்டர் (குளோரினை நீக்கும் மருந்து) மறக்கவேண்டாம்.