ஓப்பன் போட்டியில் ஒன்பது வயசுப் பொடியனோடு நாங்கள் ஏன் மோத வேண்டும்?

வண்ணார்பேட்டை சிப்பாய்:

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டிக்குப் போயிருந்தேன். 1800க்குக் கீழே ரேட்டிங் (ஆட்டத் திறமையைக் காட்டும் புள்ளி) உள்ளவர்களுக்கான ஓப்பன், அதாவது எந்த வயசுக்காரரும் ஆடலாம், ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல். எனக்கு வயசு 44. ஆபீஸில் மூன்று நாள் லீவு போட்டு, வீட்டில் அதற்குத் தனியாகத் திட்டு வாங்கிக்கொண்டு போனால், எட்டு ரவுண்டில் ஆறு ரவுண்டு எதிரே உட்கார்ந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

நாலாவது ரவுண்டில் ஒரு பொடியன். உட்கார்ந்தால் போர்டு எட்டாது என்று பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் போட்டு ஏறிக்கொண்டான். ஒரு காயை நகர்த்துவான், க்ளாக்கில் ஒரு தட்டு, உடனே இறங்கி நாலு போர்டு தள்ளி அவன் சேக்காளி ஆட்டத்தை வேடிக்கை பார்க்க ஓடிவிடுவான். நான் பத்து நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்து ஒரு நகர்த்தல் வைத்தால், வந்து உட்காராமலே பதிலை வைத்துவிட்டு மறுபடியும் ஓட்டம். மூன்று தடவை டிரா கேட்டான், அதில் ஒரு தடவை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே. கடைசியில் ரூக் எண்டிங்கில், அதாவது ராஜா, ரூக் (கோட்டை), சிப்பாய் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் தோற்றேன். கை கொடுத்துவிட்டு, "அங்கிள், நீங்க நல்லாதான் ஆடுனீங்க" என்று ஆறுதல் வேறு.

தோற்ற கடுப்பில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். சரி, கடுப்பும் உண்டுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். என்ட்ரி ஃபீஸ் எல்லோருக்கும் ஒன்று. பரிசு என்று வரும்போது பிள்ளைகளுக்கு மெயின் பரிசும் உண்டு, அது தவறினால் 9, 11, 13 வயசுக் கோப்பைகளும் உண்டு. எனக்கு மெயின் மட்டும். பிள்ளைகளுக்கென்று தனிப் போட்டிகள் இருக்கின்றன, பெரியவர்கள் அதில் நுழைய முடியாது. 50 தாண்டினால் சீனியர் போட்டி, 65க்கு மேல் அதிலும் தனிப் பிரிவு. நடுவில் இருக்கிற நாங்கள்தான் நாதியில்லாமல் நிற்கிறோம். வருஷத்துக்கு இரண்டே இரண்டு போட்டி 18 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் நடத்தினால் என்ன குடி முழுகிவிடும்?

அம்பை அம்மா:

அண்ணாச்சி, நான் அந்த மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மாக்களில் ஒருத்தி. எங்கள் மகள் ஆறாம் வகுப்பு. விடியற்காலை ஐந்தே காலுக்கு பஸ் ஏறினால்தான் முதல் ரவுண்டுக்கு வந்து சேர முடியும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் செஸ்ஸை ஒழுங்காக ஆடுகிற பிள்ளைகள் என்று பார்த்தால் ஏழெட்டுப் பேர் தேறும். அந்த ஏழெட்டுப் பேரும் ஒருவரையொருவர் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், யார் எந்த ஓப்பனிங் ஆடுவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். சென்னையில் வயசு வாரியாகப் பிரித்தாலும் கூட்டம் சேரும், நம்ம ஊரில் பிரித்தால் இரண்டு பக்கமும் ஆள் இருக்காது.

இன்னொன்று. ரேட்டிங்கே இல்லாத பிள்ளைக்கு முதல் ரேட்டிங் வர வேண்டுமென்றால் ஏற்கெனவே ரேட்டிங் உள்ள ஐந்து பேரோடாவது ஆடியிருக்க வேண்டும். அந்த ஐந்து பேருக்கு எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள்? உங்களை மாதிரிப் பெரியவர்களிடம்தான் வர வேண்டும்.

மூன்று தடவை டிரா கேட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மகளிடம் தோற்ற ஒருவர் கை கொடுக்கவில்லை, நகர்த்தல்களை எழுதுகிற ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடவில்லை, காய்களை ஒரே அள்ளாக அள்ளி நடுவில் குவித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இவள் அந்த ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். அவருக்கு வயசு எப்படியும் ஐம்பது இருக்கும்.

மேலப்பாளையம் குதிரை:

சிப்பாய் அண்ணனுக்கு என் ஓட்டு. நம்ம பக்கம் ஊர்த் திருவிழாவில் கபடிப் போட்டி போடுகிறோமே, எடை பார்க்காமலா இறக்குகிறோம்? தராசில் ஏற்றி, ஒரு கிலோ கூடினாலும் வெளியே நிறுத்துகிறோம். அதில் நியாயம் பார்க்கிறவர்கள் இதில் ஏன் பார்ப்பதில்லை?

கறுப்புக் காய்:

குதிரை அண்ணே, கபடியில் எடை பார்ப்பது சின்னவன் அடிபடக் கூடாது என்று. இங்கே பெரியவர் அடிபடக் கூடாது என்று எடை பார்க்கச் சொல்கிறீர்கள். தராசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

எனக்கு இப்போது இருபது வயசு, கல்லூரியில் படிக்கிறேன். பதினொரு வயசில் இதே மாதிரி ஒரு ஓப்பனில் ஒரு பெரியவரோடு ஆடினேன். அடுத்த நகர்த்தலில் மேட், அவருக்கும் தெரிந்துவிட்டது. மனிதர் எழுந்து போய்விட்டார். ரிசைன் செய்யவில்லை, க்ளாக்கில் அவருக்கு நாற்பது நிமிடம் இருந்தது. நான் நாற்பது நிமிடமும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒன்றுக்குப் போனால் அந்த நேரம் பார்த்து வந்து ஏதாவது செய்துவிடுவாரோ என்று பயம், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே டீக்கடையில் நின்றார் என்று அப்பா அப்புறம்தான் சொன்னார். அதற்காக நான் பெரியவர்கள் இல்லாத போட்டி கேட்டேனா?

2019 ஜனவரியில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயசு 12. அந்தப் பட்டத்துக்கு வேண்டிய தகுதியான நார்ம் ஒன்று எடுக்க அந்தப் போட்டியில் குறைந்தது மூன்று கிராண்ட்மாஸ்டர்களோடு ஆடியிருக்க வேண்டும். அவர்களை எல்லாம் பதிமூன்று வயசுக்குட்பட்டோர் பிரிவில் தேடிக்கொண்டிருந்தால் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரனுக்கு எதிரே போய் உட்கார்ந்திருக்க முடியுமா?

வண்ணார்பேட்டை சிப்பாய்:

தம்பி, இதுக்குத்தான் குகேஷை இழுப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் பேசுவது 1800க்குக் கீழே ஆடுகிற, நாலு மணிக்கு மேல் முதுகு வலிக்கிற ஆட்களைப் பற்றி. அந்தப் பையன் ரேட்டிங் 1450, நான் 1610. உண்மையில் அவன் ஆட்டம் 1450 ஆட்டமே இல்லை, தினமும் ஆன்லைனில் கோச் வைத்துப் படிக்கிறான். நான் ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் போனில் செஸ் புதிர் போடுகிறேன். எனக்கு 14 புள்ளி போயிற்று, அவனுக்கு 28 ஏறிற்று. ஒரே ஆட்டம், இரண்டு கணக்கு. இது என்ன நியாயம்?

நடுவர் மேசை:

ஆர்பிட்டராக இருந்த அனுபவத்தில் இதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். 14ம் 28ம் சரியான கணக்குதான். 18 வயசுக்குட்பட்டு, 2300க்குக் கீழே உள்ளவர்களுக்கு கே ஃபேக்டர், அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்று பெருக்குகிற எண், 40. உங்களுக்கு 20. இது நீண்ட நேர ஆட்டத்துக்கு மட்டும், குறைந்த நேர ஆட்டங்களான ரேபிட், பிளிட்ஸில் வயசு வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் 20தான். இந்த 40 உங்களுக்கு விரோதமாக வைத்தது இல்லை. பிள்ளைகளின் ஆட்டம் ஆறு மாதத்தில் மாறிவிடும், ரேட்டிங் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அது சீக்கிரம் ஓடி வந்து சேரட்டும் என்றுதான் இரட்டிப்பாக வைத்திருக்கிறார்கள். 20 என்று வைத்தால் அந்தப் பையன் இன்னும் அதிக நாள் 1450லேயே நின்று உங்களை மாதிரி இன்னும் நாலு பேரைக் காலி செய்வான்.

2024 மார்ச்சில் உலக செஸ் அமைப்பான ஃபிடே செய்ததையும் மறக்க வேண்டாம். 2000க்குக் கீழே இருந்த எல்லோருக்கும், 2000லிருந்து எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பது கூட்டிக் கொடுத்தார்கள். 1200 இருந்தவர் 1520, 1500 இருந்தவர் 1700. ரேட்டிங்கின் தரைமட்டமும் 1000லிருந்து 1400க்கு ஏறிற்று. கீழே கிடந்த பிள்ளைகளின் ரேட்டிங் உண்மையான ஆட்டத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வரட்டும் என்பதும் அதில் ஒரு நோக்கம். முழுசாகச் சரியாகவில்லை, அதை நானும் மறுக்கவில்லை.

அப்புறம் அந்த டிரா விஷயம். டிரா கேட்பதென்றால் தன் நகர்த்தலை வைத்துவிட்டு, க்ளாக்கை அழுத்துவதற்கு முன்னால் கேட்க வேண்டும். எதிராளி யோசிக்கும்போது கேட்பதும், சும்மா சும்மா கேட்பதும் தொந்தரவு செய்கிற கணக்கில் வரும், வயசு ஒன்பதானாலும் தொண்ணூறானாலும். நீங்கள் க்ளாக்கை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கியிருந்தால் ஆர்பிட்டர் முதல் தடவை எச்சரித்திருப்பார், அடுத்த தடவை உங்களுக்கு நேரம் கூட்டிக் கொடுத்திருப்பார். நீங்கள் கூப்பிட்டீர்களா?

வண்ணார்பேட்டை சிப்பாய்:

கூப்பிடவில்லை. சின்னப் பையன் மேல் புகார் சொன்னால் பக்கத்து போர்டுக்காரன் எல்லாம் என்னைப் பார்ப்பான் இல்லையா. இதுதான் நான் சொல்ல வருவது. எதிரே இன்னொரு 44 வயசு ஆள் இருந்திருந்தால் இரண்டாவது தடவையே கையைத் தூக்கியிருப்பேன்.

கொக்கிரகுளம் அப்பா:

நான் சிப்பாய் கட்சிதான், ஆனால் வேறு காரணத்துக்கு. என் மகனுக்கு எட்டு வயசு. பெரியவர்கள் போட்டி என்றால் நேரமும் பெரியவர்கள் நேரம்தான். ஒரு நாளைக்கு மூன்று ரவுண்டு. மூன்றாவது ரவுண்டு ஆரம்பிக்கவே ஆறரை ஆகிவிட்டது, முடிந்தபோது ராத்திரி ஒன்பதரை. எட்டு மணிக்கு நான் கதவு இடுக்கு வழியாகப் பார்க்கிறேன், அவன் கன்னத்தை உள்ளங்கையில் வைத்து அப்படியே கண் அசந்திருக்கிறான், க்ளாக் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருந்தவர் நல்ல மனிதர், மேசையை லேசாகத் தட்டி எழுப்பிவிட்டார். எழுப்பாமல் விட்டிருந்தால் அவருக்கு ஒரு புள்ளி சும்மா கிடைத்திருக்கும். பிள்ளைகளுக்காகவே பிரிக்க வேண்டும் என்கிறேன்.

அம்பை அம்மா:

நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், அதற்கு நானும் வருகிறேன். இரண்டு ரவுண்டு போதும். எங்களுக்கும் கடைசி பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்காது.

ஓய்வு வாத்தியார்:

எனக்கு 67. சட்டப்படி எனக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, சிப்பாய் சொன்ன மாதிரி. ஆனால் அது நம்ம ஊரில் எங்கே நடக்கிறது? நடந்தாலும் போக மாட்டேன். அங்கே ஆட்டம் பாதி, சுகர் மாத்திரை பேச்சு பாதி. 2011ல் ஜிப்ரால்டர் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் கோர்ச்நாய் 79 வயசில் 18 வயசு கருவானாவை ஜெயித்தார். கிழவர்களைத் தனியாக உட்கார வைத்திருந்தால் அந்த ஆட்டம் நமக்குக் கிடைத்திருக்குமா?

பரிசு விஷயத்தில் மட்டும் சிப்பாய் பக்கம் நிற்கிறேன். வயசுக் கோப்பை கொடுக்கிறவர்கள் 35 வயசுக்கு மேல், 50 வயசுக்கு மேல் என்று இரண்டு கோப்பையும் சேர்த்து வைக்கலாம். கோப்பை என்ன, நானூறு ரூபாய்க்கு ஜங்ஷனில் கிடைக்கிறது.

மற்றபடி தம்பி, ரூக் எண்டிங்கில் தோற்றேன் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர். ஸ்கோர் ஷீட் இருந்தால் போடும், பார்ப்போம்.

வண்ணார்பேட்டை சிப்பாய்:

ஷீட்டை வீட்டில் தேட வேண்டும். நிலை ஞாபகம் இருக்கிறது. அவனுக்கு ராஜா, ரூக், ஒரு சிப்பாய். எனக்கு ராஜா, ரூக். என் ராஜா அவன் சிப்பாய்க்கு நேர் முன்னால், கடைசி வரிசையில். அவன் சிப்பாயும் ராஜாவும் என் மூன்றாவது வரிசைக்கு இன்னும் வரவில்லை. நான் ரூக்கையும் கடைசி வரிசைக்கே இறக்கினேன், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று.

ஓய்வு வாத்தியார்:

அடப்பாவி. அது டிரா. உம் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது வரிசையில் ரூக்கை நிறுத்திவிட்டு அங்கேயே இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தால் அவன் ராஜா உள்ளே வர முடியாது. சிப்பாயைத் தள்ளி அந்த வரிசைக்குக் கொண்டுவந்தால், அப்போது ரூக்கை அந்தப் பக்கக் கோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக், செக், செக். அவன் ராஜாவுக்கு ஒதுங்க இடம் இருக்காது. பிலிடார் நிலை என்று பேர், பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு.

கறுப்புக் காய்:

அப்போ மூன்று தடவை டிரா கேட்டானே, அதில் ஒன்று இந்த நிலையிலா அண்ணே?

வண்ணார்பேட்டை சிப்பாய்:

மூன்றாவது தடவை. எனக்குப் பிலிடார் தெரியாது என்று நினைக்காதீர்கள். படித்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து வாசல் பக்கம் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கீழே விழுந்து உருண்டது, எனக்கு எல்லாம் போய்விட்டது.

அம்பை அம்மா:

டிபன் பாக்ஸ் என்னுடையதுதான். எலுமிச்சை சாதம் அத்தனையும் மண்ணாய்ப் போயிற்று.