புதுப்பிப்பு: இறுகிக் கிடந்த 24 பின் கேபிள் கழன்றுவிட்டது

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையை மாற்றும்போது, அதிலிருந்து மதர்போர்டுக்கு (முதன்மைச் சர்க்யூட் பலகை) மின்சாரம் கொண்டுபோகும் பழைய 24 பின் கேபிள் கழன்று வரவில்லை, இழுத்தால் மதர்போர்டே வளைகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கேபிள் முனையைப் பூட்டும் பிளாஸ்டிக் கொக்கி பற்றிய "கொக்கியின் மேல்முனையை அழுத்துங்கள்" என்ற யோசனைதான். முதலில் சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். அப்புறம் மேல்முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால், கீழ்முனை சாக்கெட்டின் பல்லை விட்டு விலகுவது கண்ணுக்கே தெரிகிறது. போர்டின் ஓரத்தை இடது கையால் தாங்கிக்கொண்டு, வயரை விட்டுவிட்டு பிளாஸ்டிக்கைப் பிடித்து லேசாக அசைத்ததில் மெல்ல மேலே வந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பச் சொன்னதை நான் செய்யவில்லை; பக்கத்திலேயே மெல்லிய மின்தடங்கள் ஓடுகின்றன, கீறினால் போர்டு போச்சு.

எதிர்பாராதது, கேஸின் முன்பக்க யூஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து போர்டுக்கு வரும் கேபிள். என்னுடையதில் கொக்கியே இல்லை, ஆனாலும் அவ்வளவு இறுக்கம். நேராக மேலே இழுங்கள். சாய்த்தால் உள்ளே இருக்கும் பின் (ஊசி) வளையும், சில சமயம் பிளாஸ்டிக் உறையும் சேர்ந்தே வந்துவிடும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் புதிய சப்ளை வாங்கிய கடையில் அண்ணன் ஒருவர் அழுத்திச் சொன்னது: பழைய மாடுலர் கேபிளை (சப்ளையிலிருந்து தனியாகக் கழற்றக்கூடியது) புதிய சப்ளையில் செருகாதீர்கள். பொருந்தும், ஆனால் சப்ளை பக்க வயர் வரிசை மாடலுக்கு மாடல் மாறலாம்; மாறியிருந்தால் டிஸ்க் கருகிவிடலாம்.